ரைஸ்மில் ஐயாவை நான் சாகடித்த கதை

புகுந்த வீட்டில் எல்லாரும் தமிழ்தான் பேசுவார்கள் என்று நம்பி எந்தப் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. வக்கீல் வீட்டுக்குப் போனால் அங்கே வாய்தா, ஜாமீன் என்று ஒரு தமிழ். மருந்துக்கடை வீட்டுக்குப் போனால் அது வேறு தமிழ். நான் போனது அச்சகம் வைத்திருந்த வீட்டுக்கு. அங்கே பேசியது தமிழ் மாதிரியே இருந்தது. அதுதான் ஆபத்து. முழுக்கத் தெரியாத பாஷையாக இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஒரு மனிதரைச் சாகடித்திருக்க மாட்டேன்.

நடந்தது எழுபதுகளின் நடுவில். எனக்குப் பிறந்த ஊர் அடி அண்ணாமலை. நெல், வேர்க்கடலை, இரண்டு ஜோடி மாடு என்று இருந்த குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். (எங்கள் தெருவில் அன்றைக்கு அது கலெக்டர் பரீட்சை மாதிரி. நானும் கொஞ்சம் கலெக்டர் மாதிரிதான் நடந்துகொண்டேன்.) ஆனால் பள்ளிக்கூடப் புத்தகத்தை விட்டால், அச்சடித்த காகிதம் என்று எங்கள் வீட்டில் இருந்தது பஞ்சாங்கமும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகளும்தான். கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அந்த எழுத்தையெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து செய்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. மழை மாதிரி எங்கேயோ மேலே உண்டாகி வருகிறது என்று இருந்தேன்.

கல்யாணமாகி வந்த மறுநாள் மாமா, அதாவது என் மாமனார், பிரஸ்ஸைச் சுற்றிக் காட்டினார். தேரடித் தெருவை ஒட்டிய சந்தில், முன்கட்டு பிரஸ், பின்கட்டு வீடு. சுவர் முழுக்கச் சாய்வான மரத்தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் கட்டம் கட்டமாக ஈய எழுத்துகள். கம்பாசிட்டர் எத்திராஜ் அவற்றின் முன்னால் நின்று எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். அவர் கை கோழி கொத்துவதுபோல் கட்டங்களுக்குள் போய்ப் போய் வந்தது; கண் அந்தப் பக்கமே போகவில்லை. மாமா ஏதோ சொல்ல, ஒரு சின்ன வரிசையைக் கோத்து என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாம் திரும்பியிருந்தது. வலமிருந்து இடமாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். சரோஜா.

"உன் பேருதாம்மா" என்றார் மாமா.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஆனால் என்ன கனம்! இத்தனை வருஷமாக இவ்வளவு கனத்தையா எல்லாரும் வாயால் ஊதித் தள்ளிக் கூப்பிட்டார்கள் என்று தோன்றியது. அப்புறம் இவர் (என் வீட்டுக்காரர்) ட்ரெடில் மிஷினைக் காலால் மிதித்துக் காட்டினார். அது வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, வெறும் காகிதத்தைத் தின்று எழுத்தாகத் துப்பியது. தீபத்தன்று மலையுச்சியில் கொப்பரை பற்றுகிறபோது கை தானாகத் தலைக்கு மேலே போகுமே, அந்த மாதிரி என் இரண்டு கையும் மேலே போய்விட்டது. இவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

"இன்னாச்சு?"

"ஒண்ணுமில்லைங்க" என்று கையை இறக்கிக்கொண்டேன்.

இந்த வீட்டு ஆண்களால் ஆகாத காரியம் உலகத்தில் எதுவுமில்லை என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். பின்னால் நடந்த அனர்த்தத்துக்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

இரண்டு நாள் போயிருக்கும். காலைப் பலகாரத்தின்போது மாமா இவரிடம், "கேலி எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"எடுத்தாச்சுப்பா. ஜாஸ்தி தப்பு இல்ல."

"எதுக்கும் அந்தக் கேலிய நானும் ஒரு தடவ பாத்துடறேன்."

நான் அப்போதுதான் தட்டில் இட்லி வைத்துக்கொண்டிருந்தேன். இட்லி கல்லாக இருந்தது எனக்கே தெரியும். அதற்காகப் புதுப்பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டு அப்பாவும் பிள்ளையும் முறை போட்டுக் கேலி செய்வார்களா? அடுப்படியில் போய் அழுதேன். அத்தை வந்து என்ன ஏதென்று விசாரித்து, விழுந்து விழுந்து சிரித்தார். கோத்த எழுத்தை ஒரு நீளத் தட்டில் அடுக்கி, தப்புப் பார்ப்பதற்காக முதலில் ஒரு நகல் எடுப்பார்களாம். அந்தத் தட்டுக்குப் பேர் கேலியாம்.

அது ஆறுவதற்குள் ஒரு நாள் முன்கட்டில் தடாலென்று சத்தம். "பையாயிடுச்சு! பக்கம் மொத்தமும் பை!" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். பைதானே கேட்கிறார் என்று ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கோத்து முடித்த பக்கம் கைதவறிக் கீழே விழுந்து, எழுத்தெல்லாம் தரையில் சிதறிக் கிடந்தது. அப்படிச் சிதறினால் அதற்குப் பேர்தான் பை. மாமா என்னையும் மஞ்சள் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "குடும்மா" என்று வாங்கி, சிதறினதை அதிலேயே அள்ளிப் போட்டார். (தங்கமான மனுஷர்.)

இப்படி ஒரு சொல்லுக்கு ஒரு அவமானம் என்று கற்றுக்கொண்டு வந்தேன். 'டெட்' என்ற சொல்லுக்கு மட்டும் இன்னும் முறை வரவில்லை.

ரைஸ்மில் ஏகாம்பரம் ஐயாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. இரண்டு தெரு தள்ளி அவர் மில். எங்கள் பிரஸ்ஸுக்குப் பெரிய வாடிக்கை. அரிசி மூட்டைக்கான சீட்டிலிருந்து காலண்டர் வரை எல்லாம் எங்களிடம்தான். வெள்ளை மீசை, ஆள் வாசலை அடைத்துக்கொண்டு வருவார். பத்திரிகையைப் பார்த்துச் சரி சொல்ல வந்தவருக்கு நான்தான் மோர் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்லாரும்மா" என்றார். அவ்வளவுதான் பழக்கம்.

அதற்கு மறுநாள் மத்தியானம். இவர் காகிதம் வாங்க வேலூர் போயிருந்தார். மாமா ஒரு கல்யாணத்துக்கு. அத்தை கோயிலுக்கு. வீட்டில் நான், முன்கட்டில் எத்திராஜ். கிளம்பும்போது இவர் சொல்லிவிட்டுப் போனார்: "போன் அடிச்சா எடு. இன்னா கேக்கறாங்கன்னு கேளு. எத்திராஜைக் கேட்டு அவரு சொல்றத அப்படியே சொல்லு. அவ்ளோதான்."

அவ்வளவுதான். நான் அதுவரை போனைத் தொட்டதில்லை. அது கறுப்பாக, கனமாக, மேஜைமேல் தூங்குகிற பூனை மாதிரி இருந்தது. அடித்தபோது புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு எடுத்தேன்.

"போளூர்லேர்ந்து டிரங்க் கால்" என்றது ஒரு பெண் குரல். அப்புறம் கடலுக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி ஒரு ஆண் குரல். "ஹலோ! நான் ரைஸ்மில் ஐயா மாப்பிள்ளை பேசறேன். போஸ்டாபீஸ்லேர்ந்து பேசறேங்க, வீட்டுல தெரியாம. மாமாவுது இன்னா ஆச்சு?"

போளூரில் இருக்கிற மனிதர் என் காதுக்குள் பேசுகிறார்! அந்தப் பிரமிப்பில் அவர் என்ன கேட்டார் என்பதே எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. "ஒரு நிமிஷங்க" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்த வேண்டுமா காதைப் பொத்த வேண்டுமா என்று தெரியாமல் போனின் இரண்டு பக்கத்தையும் பொத்திக்கொண்டு, உள்ளே பார்த்துக் கேட்டேன்.

"எத்திராஜண்ணே, ரைஸ்மில் ஐயா இன்னா ஆனாரு?"

வீட்டு மருமகளிடம் முகம் பார்த்துப் பேசக் கூடாது என்று அவருக்கு ஒரு மரியாதை. முதுகைத் திருப்பிக்கொண்டு, எழுத்துப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "ஐயாவா? ஐயா டெட்டும்மா. காலையிலயே டெட்டு."

நேற்று மோர் குடித்தாரே!

"ஐயோ! எப்படிண்ணே?"

"எப்படின்னா? மிஷின்லதான். தலைய தனியா, பாடிய தனியா பிரிச்சுதான் எடுத்தோம். செவப்பா கெடந்ததையெல்லாம் மண்ணெண்ணெ போட்டுத் தொடச்சாச்சு."

மில் பெல்ட்! எங்கள் ஊரில் ஒருவருக்குக் கை போயிருக்கிறது. தலையே போகும் என்று நான் கேள்விப்பட்டதில்லை. எத்திராஜ் எதற்காக ரைஸ்மில்லுக்குப் போய்த் துடைத்தார் என்று எஸ்.எஸ்.எல்.சி. படித்த என் புத்தி கேட்கவில்லை. அதுதான் சொன்னேனே, இந்த வீட்டு ஆட்களால் ஆகாதது எதுவுமில்லை.

"பாடி எங்கண்ணே?"

"நூல் சுத்திக் கட்டி பலகைமேல வெச்சிருக்குது. மூஞ்சிதான் கொஞ்சம் நசுங்கிடுச்சு. இனிமே அது ஆவாதும்மா."

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. போனை எடுத்தேன். "முடிஞ்சு போச்சுங்க" என்றேன்.

"முடிஞ்சுதா? அப்பாடா! நல்லவேளை" என்றார் மாப்பிள்ளை.

திகைத்துப் போனேன். ஒரு மாப்பிள்ளை இப்படியா பேசுவது?

"எப்ப எடுக்கலாங்க?" என்று அடுத்து கேட்டார்.

"நீங்கள்லாம் வந்தப்புறம்தாங்க எடுப்பாங்க."

"சரி, நல்லா கட்டி வெச்சுடுங்க."

"கட்டித்தாங்க வெச்சிருக்காங்க" என்று விசும்பினேன்.

"மாமா மூஞ்சி நல்லா விழுந்திருக்கா?"

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "மூஞ்சி நசுங்கிடுச்சுங்க! காலையில மிஷின்ல மாட்டி ஐயா டெட்டுங்க! தல வேற, பாடி வேறயா ஆயிடுச்சாங்க! சீக்கிரம் வாங்க!" என்று கதறினேன்.

மறுமுனையில் ஒரு கேவல் மாதிரி ஏதோ கேட்டது. அத்துடன் லைன் அறுந்துவிட்டது.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் சாதாரண முட்டாள். ஆனால் படித்த மருமகள் ஆயிற்றே! பெரியவர்கள் வரும்வரை காத்திருக்காமல் நம் பிரஸ் சார்பில் ஒரு மாலை போட வேண்டும் என்று தோன்றியது. கோபுரவாசல் பூக்கடைக்குப் போய் உள்ளதிலேயே பெரிய ரோஜா மாலையாக வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி ரைஸ்மில்லுக்கு நடந்தேன்.

மில் வாசலில் கூட்டமில்லை. பறையில்லை. உள்ளே மிஷின்கூட ஓடிக்கொண்டிருந்தது. செத்த அன்றைக்கே மில் ஓட்டுகிறார்களே, என்ன மனிதர்கள் என்று படியேறினேன். முன்னறையில், கைவைத்த நாற்காலியில், ஏகாம்பரம் ஐயா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் அவர் கழுத்தைத்தான் பார்த்தேன். தலை சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது.

"வாம்மா, வா! ரோஜா மாலையா? உங்க மாமனார் குடுத்தனுப்பினாரா? இப்பவேவா? கல்யாணத்துக்கு இன்னும் நாள் கெடக்குதே!"

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் எழுந்து, இரண்டு கையாலும் மாலையை வாங்கி, தானே கழுத்தில் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். "இங்க பாருடி, பிரஸ்காரரு மாலை அனுப்பியிருக்காரு!" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் சம்சாரம் வந்து பார்த்துப் பூரித்து எனக்கும் டீ கொண்டுவந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்க்க, ஐயா மாலையைக் கழற்றவேயில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை வாயைத் திறந்தேன். எப்படிச் சொல்வது? நீங்கள் செத்துவிட்டீர்கள் என்றா? டீயைக் குடித்தேன். லைன் அறுந்துவிட்டதே, மாப்பிள்ளை காதில் விழுந்திருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'டெட்' என்றால் வேறு என்னவாகத்தான் இருக்கும் என்று மண்டையைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தபோது ஐயா பேச ஆரம்பித்தார்.

"எம்பொண்ணுக்கும் உன் வயசு இருக்கும். போளூர்ல குடுத்திருக்குது."

டீ தம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஒரு மனைய மகன் பேருக்கு எழுதிட்டேன்னு கோவம். 'நீ செத்தா சொல்லி அனுப்பு, அப்ப வரேன்'னு சொல்லிட்டுப் போனா. மூணு தீபம் போயிடுச்சு, வாசல மிதிக்கல. அறுபதாம் கல்யாணத்துக்கும் வரமாட்டாளாம். மாப்பிள்ளைதான் நல்ல மனுஷன், அவளுக்குத் தெரியாம அப்பப்ப பேசுவாரு. அவ பேரு இல்லாமதான் பத்திரிக அடிச்சிருக்குது." மாலையில் ஒரு இதழைப் பிய்த்து உருட்டினார். "பிடிவாதம். எங்கேருந்து வந்துச்சோ!"

அவர் முகத்தைப் பார்த்தால் எங்கேயிருந்து வந்தது என்று நன்றாகவே தெரிந்தது. எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. அவர் சம்சாரம் இரண்டாவது டீ கொண்டுவந்தார். அதையும் குடித்தேன்.

அப்போதுதான் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கதவு திறப்பதற்கு முன்பே அழுகை கேட்டது. "எப்பா! எப்பா! நான் வந்துட்டம்பா!" என்று தலைவிரி கோலமாக ஒரு பெண் படியேறி ஓடி வந்தாள். நம் பக்கத்தில் இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போடுகிற வழக்கம் உண்டு. ரோஜா மாலையோடு நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். அப்படியே காலைக் கட்டிக்கொண்டு, "எனக்கு மனையும் வேணாம், மண்ணும் வேணாம். ஒரு தடவ எழுந்து பேசுப்பா!" என்று கதறினாள்.

அவர் எழுந்தார்.

அடுத்த கொஞ்ச நேரம் யார் அலறினார்கள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நானும் அலறினேன். மூட்டை தூக்குகிற ஒருவர் தெருவுக்கே ஓடிவிட்டார். மாப்பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு, "பிரஸ்லேர்ந்துதான் சொன்னாங்க, ஒரு பொம்பள குரல்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான், "முதல்ல நீங்கதாங்க நல்லவேளைன்னு சொன்னீங்க" என்றேன். அவர் என்னை விரலால் சுட்டி, "இதே குரல்தான்! நான் பத்திரிக முடிஞ்சுதான்னுதான் கேட்டேன்!" என்றார்.

அறையில் இருந்த அத்தனை கண்ணும் என் மேல் திரும்பின. ஐயாவின் சம்சாரம், "நல்ல காரியத்துக்கு முன்னாடி இப்படியா வாய் வெப்பாங்க!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். அதற்குள் யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, கல்யாண வீட்டுச் சந்தனம் காயாத கழுத்தோடு மாமா வந்து சேர்ந்தார். நான் அழுதுகொண்டே எத்திராஜ் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். மாமா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும். இது எங்க பேச்சுங்க. அச்சடிச்சு முடிஞ்சு, இனிமே வேணாம்ங்கற எழுத்த டெட்டுனு சொல்லுவோம். ஐயா பத்திரிகையில தலைப்பு செவப்பு, பாடி, அதாவது கீழ வர்ற விஷயம், கறுப்பு. ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுத்தான் மிஷின்ல ஏத்தணும். செவப்பு மையத்தான் மண்ணெண்ணெயில தொடைச்சது. மூஞ்சின்னது ஐயா போட்டோவ அடிக்கறதுக்குச் செஞ்ச அச்சு பிளாக். அடிச்சு முடிச்சதும் கீழ விழுந்து நசுங்கிடுச்சு. பொண்ணு வந்து ஒரு மாசங்கூட ஆவல, அதுக்கு ஒண்ணும் தெரியாது. கோவம் இருந்தா எம்மேல காட்டுங்க."

மாமா கைகூப்பி நின்றதைப் பார்க்க எனக்கு உயிரே போயிற்று. இந்த வாடிக்கை போனால் அதற்கு நான்தான் பொறுப்பு. அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

ஐயா யாரையும் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழுகை நின்று, வெட்கம் வந்து, வெட்கம் கோபமாக மாறிக்கொண்டிருந்தது. "உசிரோடதான இருக்க. அப்ப நான் கெளம்பறேன்" என்று முடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள்.

"செத்தா வரேன்னு சொன்ன. வந்துட்ட. வாக்கக் காப்பாத்திட்ட" என்றார் ஐயா. அவர் மீசை நடுங்கியது. "வந்தது வந்துட்ட, ஒரு வாய் சாப்டுட்டுப் போ."

அவள் வாசலைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "இன்னா கொழம்பு?" என்றாள்.

மாமா என் தோளைத் தொட்டு, வெளியே போகலாம் என்று சைகை காட்டினார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நடந்தேன். வீட்டு வாசலில் மாமா நின்று, "மாலை நல்ல மாலைதான் வாங்கியிருக்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ஐயா பிரஸ்ஸுக்கு வந்தார். பத்திரிகையில் மகள் பேரும் மாப்பிள்ளை பேரும் வர வேண்டும், திருப்பி அடிக்க வேண்டும், நசுங்கின மூஞ்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார். "அந்தப் பாடிய பிரிக்கலியே?" என்று மாமா பதறிப்போய் உள்ளே கேட்டார். "கட்டினது கட்டினபடியே இருக்குதுங்க" என்றார் எத்திராஜ். அன்றைக்கு மாமா என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டினார். நூலைப் பிரித்தார்கள். ஆயிரம் எழுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல், சும்மா நெருக்கத்தால் மட்டுமே நின்றுகொண்டிருந்தது. நடுவில் ஒரு வரி அளவுக்கு மெல்ல விலக்கி, அவள் பேரை உள்ளே வைத்து, மறுபடி இறுக்கினார்கள். ஒரு எழுத்துகூடச் சாயவில்லை. ஐயா குனிந்து, திரும்பியிருந்த அந்தப் பேரைப் படிக்க முடியாமல், விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பேருக்கு இடம் விட ஒரு பக்கம் முழுக்க இப்படி நகர்ந்து கொடுக்குமா என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

அறுபதாம் கல்யாணத்தில் எனக்கு முதல் பந்தியில் இலை. வருகிறவர்களிடமெல்லாம் ஐயா, "என்னக் கொன்னது இந்தப் பொண்ணுதான்" என்று பெருமையாக அறிமுகம் செய்தார். பக்கத்தில் பச்சைப் பட்டுப் புடவையில் மகள் தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் முறை வந்தபோது இரண்டு தேங்காய் வைத்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. (கோபமா வெட்கமா, இன்னும் தெரியாது.)

அந்த வருஷத்திலிருந்து எங்கள் சொந்தபந்தத்தில் யாராவது இரண்டு பேர் முறைத்துக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால், பஞ்சாயத்துக்குப் போகிறவர்கள் எல்லாம் ஓய்ந்துபோனால், கடைசியில் யாராவது ஒருவர் என் பக்கம் கையைக் காட்டி இப்படித்தான் சொல்கிறார்கள்: "விடுங்க, சரோஜாவ ஒரு போன் போடச் சொல்லலாம்."